நேரில் பார்த்திராத பாடகருக்காக ரசிகர்கள் ஏன் அழுகிறார்கள்?

ஒருமுறைகூடச் சந்தித்திராத ஒரு பாப் பாடகர் இறந்ததற்கு, உறவினரை இழந்தவர்போல் ரசிகர்கள் கலங்குவது மிகையான நடிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது நடிப்பன்று. வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர்கள்மீது மக்களுக்கு ஏற்படும் ஒருதலையான நெருக்கத்தை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1956ஆம் ஆண்டிலேயே விளக்கியுள்ளனர். கலைஞருக்கு நம்மைத் தெரியாது என்பதை அறிந்திருந்தும், பல ஆண்டுகளாகத் தனிமையில் காதோடு கேட்ட குரலை மனம் பழகிய மனிதரின் குரலாகவே ஏற்றுக்கொள்கிறது.

இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. பதின்பருவத்தில் கேட்ட பாடல்களோடு முதல் காதல், நட்பு, வீட்டை விட்டுக் கிளம்பிய நாள் எல்லாம் பின்னிக் கிடப்பதால், பாடகர் மறையும்போது ரசிகர் தம் இளமையின் ஒரு பகுதிக்கும் சேர்த்தே அழுகிறார். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி 2016 ஜனவரி 10 அன்று, தம் கடைசி இசைத்தொகுப்பு வெளியான இரண்டே நாளில் இறந்தார். லண்டன் பிரிக்ஸ்டனில் அவர் முகம் தீட்டப்பட்ட சுவரின் முன் மலர்கள் குவிந்தன, கூடியவர்கள் அவருடைய பாடல்களைப் பாடினர்.

குடும்பத்தாரின் துக்கத்துக்கு ஊரே ஆறுதல் சொல்லும். ரசிகரின் துக்கத்துக்கோ கேலிதான் கிடைக்கும். ஆகவேதான் ரசிகர்கள் ஒருவரையொருவர் தேடிச் சேர்கிறார்கள்: அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1977இல் இறந்தார், இன்றும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் மெம்பிஸிலுள்ள அவர் இல்லத்தின் முன் ரசிகர்கள் மெழுகுவர்த்தியுடன் வரிசையில் நிற்கிறார்கள்.