கேளுங்கள், சொல்கிறோம்: திறக்க மறுக்கும் வேர்டு ஃபைல்

கேள்வி: அப்பா எழுதிய குடும்ப வரலாறு, 90 பக்கம், பென் டிரைவில் இருக்கிறது. இப்போது திறந்தால் ஃபைல் பழுதாகிவிட்டது என்கிறது வேர்டு. மீட்க வழி உண்டா? - வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் உண்டு, பதற வேண்டாம். முதலில் அந்த ஃபைலை கம்ப்யூட்டரில் நகலெடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். அளவைப் பாருங்கள், 0 கேபி என்று காட்டினால் உள்ளே எழுத்தே இல்லை. அந்த பென் டிரைவில் வேறெதையும் சேமிக்காமல், டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

அளவு இருந்தால், வேர்டில் ஃபைல், ஓபன், பிரௌஸ் போய் நகலை ஒருமுறை கிளிக் செய்து, ஓபன் பட்டனை ஒட்டிய சின்ன அம்புக்குறியை அழுத்தினால் 'ஓபன் அண்ட் ரிப்பேர்' வரும். சரியாகவில்லையா, இலவசமான லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள், வேர்டு கைவிட்டதை அது திறந்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு வழி. வேர்டு 2007 முதல் வந்த டாக்எக்ஸ் வகை ஃபைல் உண்மையில் பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம்தான், அதனால் பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றி செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளில் திறந்தால், 'வேர்டு' ஃபோல்டருக்குள் 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும், நோட்பேடில் திறந்தால் குறியீடுகளுக்கு நடுவே அப்பாவின் வரிகள் கிடைக்கும். படங்கள் 'மீடியா' ஃபோல்டரில் தனியாக இருக்கும்.

இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்னும் முகம் தெரியாத இணையதளங்களில் மட்டும் குடும்ப விஷயங்களை ஏற்றாதீர்கள். கிடைத்ததும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். பென் டிரைவை இனி 'இஜெக்ட்' கொடுத்த பிறகே உருவுங்கள்.