நிலநடுக்கோட்டில் ஒரு கம்பளிக் கோட்

கேள்வி: வெளிநாட்டு ஆடை நிறுவனம் ஒன்று பெண்களுக்கான புதிய குளிர்காலத் தொகுப்பை சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலைக் கடையில் அடுக்கி வைத்திருக்கிறது. முழங்கால் வரை கம்பளிக் கோட், கழுத்தை மூடும் ஸ்வெட்டர்! வெளியே 32 டிகிரி வெயில். நம் பெண்களும் வரிசை கட்டி நிற்கிறார்கள். இது மோகமா, பைத்தியமா?
– வாசகர், ஈசூன்

பதில்: இரண்டும் இல்லை, பள்ளி விடுமுறை. நவம்பரில் பள்ளி மூடியதும் பாதி அடுக்குமாடி கொரியாவின் சோலுக்கும் ஜப்பானின் ஹொக்கைடோவுக்கும் கிளம்பிவிடுகிறது. ஹொக்கைடோவின் சப்போரோ நகரப் பனியில் பருத்திச் சுடிதாரோடு நிற்க முடியுமா? பெட்டி அடுக்குவது உங்கள் வேலையாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. தீபாவளிக்கு அதே 32 டிகிரியில் சரிகை கனக்கும் காஞ்சிபுரம் பட்டோடு லிட்டில் இந்தியா தேக்காவில் வலம் வருகிறோமே, அதை யாரும் பைத்தியம் என்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. கோட்டின் உள்பக்கத் தையலில் சின்னதாக ஒரு வெள்ளைத் துணிச்சீட்டு தொங்கும். விலைச்சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் நாம் இதைப் படிப்பதில்லை. வெளியே ‘கம்பளிக் கலவை’ என்ற பெருமை. சீட்டிலோ பாலியெஸ்டர் 70, கம்பளி 30 என்று இருக்கும். ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பாலியெஸ்டருக்கு அந்தக் குணமில்லை. சூடேற்றிய சுரங்க ரயிலில் வியர்த்துவிட்டு, படியேறித் தெருவுக்கு வந்தால் அந்த வியர்வையே குளிரெடுக்கும்.

காஷ்மியர் என்றால் இன்னும் உஷார். மங்கோலியாவிலும் சீனாவிலும் வெள்ளாட்டின் அடிரோமத்தை வசந்தகாலத்தில் சீவி எடுக்கிறார்கள். சுத்தம் செய்தபின் ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்கு 200 கிராம் தேறினாலே அதிகம். ஒரு ஸ்வெட்டருக்கே இரண்டு மூன்று ஆடுகள் வேண்டும். ஐம்பது சிங்கப்பூர் வெள்ளிக்கு அது கிடைக்கிறதென்றால் ஆடு எங்கே போயிற்று என்று கடையிலேயே கேளுங்கள்.

வாங்கிய பிறகும் தொல்லை உண்டு. ஒரு வாரம் போட்டுவிட்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில் ஓராண்டு பூட்டி வைத்தால், நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும். எப்போதாவது ஒரு பயணம்தான் என்றால், குளிராடையை வாடகைக்குத் தரும் கடைகள் இங்கேயே இருக்கின்றன. நாத்தனாரிடம் இரவல் கேட்கக் கூச்சமில்லை என்றால் அந்தக் காசும் மிச்சம்.

இத்தொகுப்புகளின் மேல் எனக்குள்ள கோபம் ஒன்றுதான். பையில் கைவிட்டுப் பாருங்கள். பெண்கள் கோட் பலவற்றில் பைக்கு வாய் மட்டும் உண்டு, வயிறு கிடையாது. விரல் நுனி நுழைந்ததும் தையல் தடுக்கும். ஆண்கள் கோட்டிலோ உள்ளும் புறமுமாக நான்கு பை. உறைபனியில் கையை எங்கே வைப்பது என்று விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள். கைப்பைப் பிரிவு மேல்மாடியில் இருக்கிறது என்று வழிகாட்டுவார்.