கேள்வி பதில்: பொம்பளைங்க இருக்கிற வீட்டு மருந்து டப்பால என்ன இருக்கணும்?

கேள்வி: அக்கா, நாங்க மும்பை செம்பூர்ல இருக்கோம், ஊரு திருநெல்வேலி பக்கம். வீட்ல நான் (வயசு 44), காலேஜ் போற பொண்ணு, பிபி மாத்திரை சாப்பிடுற மாமியார். யாருக்கு என்ன வந்தாலும் ராத்திரிதான் வருது, கீழ மெடிக்கல்ல நாலு ஆம்பளைங்க நிக்கிறப்ப என் அரைகுறை ஹிந்தில "அங்க அரிக்குது"ன்னு எப்படிக் கேக்குறது? அதான் முன்னாடியே வாங்கி வச்சுக்கலாம்னு பாக்குறேன். என்னென்ன வாங்கணும்? - செம்பூர் வாசகி

பதில்: முதல்ல அந்தக் கூச்சத்துக்கு ஒரு வழி சொல்றேன். வாயைத் திறக்கவே வேணாம், மருந்தோட பேரை போன்ல இங்கிலீஷ்ல டைப் பண்ணிக் காட்டுங்க, பிராண்ட் பேரு இல்ல, உள்ள இருக்கிற மருந்தோட பேரு. மத்திய அரசோட ஜன் ஔஷதி மருந்துக் கடை பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது, அதே மருந்து ரொம்ப கம்மி விலைல கிடைக்கும்.

பொண்ணுக்கு பீரியட்ஸ் வலின்னா வெந்நீர் பை, அப்புறம் ஐபுப்ரோஃபென் 400. வலி உச்சத்துக்குப் போற வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு இருக்காம, ஆரம்பிக்கிறப்பவே சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும், அடுத்ததுக்கு 8 மணி நேரமாவது இடைவெளி விடணும். ஆஸ்துமா, அல்சர், கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க இதைத் தொடக்கூடாது. நம்மூர்ல எல்லாரும் கேட்டு வாங்குற மெஃபனமிக் ஆசிட் கலந்த மாத்திரை டாக்டர் சீட்டுக்குத் தர வேண்டியது, மிட்டாய் மாதிரி கைமாறுது. 2023 நவம்பர் கடைசில, மருந்துகளோட தரத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான இந்தியன் பார்மகோபியா கமிஷனே இதைப் பத்தி எச்சரிக்கை விட்டாங்க, சில பேருக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு வந்து ஈரல் கிட்னி வரைக்கும் பாதிக்கலாம்னு. அபூர்வம்தான், ஆனா தடிப்பு வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாக்கணும். மாசாமாசம் மாத்திரை போட்டும் காலேஜுக்கு லீவு போடுற அளவு வலின்னா, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, எண்டோமெட்ரியோசிஸா (கர்ப்பப்பையோட உள்சவ்வு மாதிரி திசு வெளியில வளர்ற நோய்) இருக்கலாம், ஸ்கேன் பாக்கணும்.

அந்த ஐபுப்ரோஃபெனை மாமியாருக்கு மட்டும் கொடுத்துடாதீங்க, மூட்டு வலின்னு அவங்களே எடுத்துப் போட்டுக்கவும் விடாதீங்க. பிபி ஏறும், கிட்னிக்கும் கெடுதல். அவங்களுக்குப் பாரசிட்டமால் போதும், 650னா 6 மணி நேரத்துக்கு ஒண்ணு, ஒரு நாளைக்கு 4க்கு மேல கூடாது, சளி மாத்திரைலயும் பாரசிட்டமால் கலந்திருக்கும்கிறதை மறந்துடக்கூடாது. மாதவிடாய் நின்னு வருஷக்கணக்கா ஆனவங்களுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதுக்கு வீட்ல மருந்து கிடையாது, கூட்டிட்டுப் போங்க. அதே மாதிரி, நெஞ்செரிச்சல்னு ஜெலுசில் கேக்குறப்ப மூச்சு வாங்குதா, தாடை முதுகெல்லாம் வலிக்குதா, வேர்க்குதான்னு கேளுங்க. பொம்பளைங்களுக்கு ஹார்ட் அட்டாக் இப்படியும் வரும், 108க்கு போன் பண்ணணும்.

அரிப்புக்கு வர்றேன். தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா பட்டு, வாடை இல்லாம அரிச்சா பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. முதல் தடவைன்னா டாக்டர் பாத்துதான் சொல்லணும். முன்னாடியே பாத்து மருந்து கொடுத்து, அதே மாதிரி திரும்ப வருதுன்னா வெறும் குளோட்ரிமசோல் க்ரீம் வச்சுக்கலாம். "வெறும்"ங்கிறதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா கடைல கேட்டா பெட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ சேத்த கலப்பு க்ரீமை நீட்டுறாங்க, அது ஸ்டீராய்டு, ரெண்டு நாள் அரிப்பு அடங்கும், அப்புறம் தொற்று பரவும், தோல் மெலிஞ்சு போகும். பச்சை, மஞ்சளாப் பட்டாலோ மீன் வாடை வந்தாலோ இந்த க்ரீம் கேக்காது. அடிக்கடி வந்தா சுகர் டெஸ்ட் எடுங்க. வாசனை வாஷெல்லாம் தேவையே இல்ல, வெளிப்பக்கம் வெறும் தண்ணி போதும்.

யூரின் எரிச்சலுக்கு நிறைய தண்ணி குடிங்க. சிட்ரேட் சிரப் எரிச்சலைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது, மாமியாருக்கு டாக்டரைக் கேக்காம கொடுக்காதீங்க. போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக் ரெண்டு இருக்குன்னு போட்டுக்குறதுதான் நம்ம வீடுகள்ல நடக்குற பெரிய ஆபத்து. அட்டைல சிவப்புக் கோடு இருந்தா அது டாக்டர் சொல்லாம சாப்பிடக்கூடாத மருந்து. குளிர் காய்ச்சல், இடுப்புக்கு மேல முதுகு வலி வந்தா அன்னைக்கே போகணும்.

மத்தபடி வயித்துப்போக்குக்கு ஓஆர்எஸ் பொடி (டபிள்யூஎச்ஓ ஃபார்முலான்னு போட்டதுதான், பாக்கெட்ல சொன்ன அளவு தண்ணில முழுசா கரைக்கணும்), நாப்கின், உங்களுக்கு ஒரு பிரெக்னன்சி கிட். 44ல தள்ளிப்போனா மெனோபாஸ்தான்னு முடிவு பண்ணிடாதீங்க.

டப்பாவை பாத்ரூம்லயும் அடுப்பு மேலயும் வைக்காதீங்க, மும்பை மழைக்காலத்து ஈரத்துக்கு மாத்திரை நமுத்துப் போயிடும். அட்டையை வெட்டுறப்ப தேதி இருக்கிற பக்கத்தைக் கடைசி வரைக்கும் விட்டு வைங்க.

கேள்வி: ஆடில ஊர்ல கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போறோம். பீரியட்ஸ் தள்ளிப்போக மாத்திரை வாங்கி வச்சுக்கலாமா? - தாராவி வாசகி

பதில்: டப்பால வைக்கிற மருந்தே இல்லம்மா அது. நோரெதிஸ்டெரோன்னு ஒரு ஹார்மோன், டாக்டர் எழுதித்தான் தரணும், பீரியட்ஸ் வர்றதுக்கு ஒரு 3 நாள் முன்னாடி ஆரம்பிக்கணும், நிறுத்தின சில நாள்ல வந்துடும். உங்களுக்கோ வீட்ல யாருக்கோ ரத்தம் உறைஞ்சிருக்கு, மைக்ரேன் இருக்கு, ஈரல் கோளாறு இருக்குன்னா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. ஒன்றரை நாள் ரயில்ல உக்காந்தே போகாம நடுநடுல எழுந்து நடங்க, தண்ணி குடிங்க. ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, கொடை முடியட்டும்னு காத்திருக்காம மாத்திரையை நிறுத்திட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.