ஆட்டோசாம்ப்ளர் என்றால் என்ன? ஆய்வகத்தில் அது எதற்கு?

மருந்து, தண்ணீர், உணவு சோதிக்கும் ஆய்வகங்களில் சின்னஞ்சிறு கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் மூடியில் உள்ள மெல்லிய ரப்பர் தகட்டை ஊசியால் துளைத்து, கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி, சோதனைக் கருவிக்குள் செலுத்தும் இயந்திரம்தான் ஆட்டோசாம்ப்ளர்.

எடுப்பது பெரும்பாலும் 10 மைக்ரோலிட்டர் அளவுதான். ஒரு சொட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கையால் செலுத்தினால் ஒவ்வொரு முறையும் இது சற்றே மாறும், விடையும் கூடவே மாறும். இயந்திரம் ராத்திரி முழுக்க ஒரே சீராக எடுக்கும்.

அப்புறம், ஊசியைக் கழுவுவது. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. சாம்பார் கரண்டியைக் கழுவாமல் பாயசத்தில் விட்டால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கும்: முந்தைய குப்பியின் மிச்சம் அடுத்த முடிவைக் கெடுத்துவிடும்.

பலர் நினைப்பதற்கு மாறாக, ஆட்டோசாம்ப்ளர் எதையும் சோதிப்பதில்லை. குப்பி இடம் மாறியிருந்தாலும் அதையே எடுத்துச் செலுத்தும்.