ஊரடங்கில் பெற்ற பிள்ளை

அன்புள்ள ஐயாவுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி மனைவிக்கு 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவே தலைப்பிரசவம். அவளுடைய தாய்வீடு தூத்துக்குடிப் பக்கம். இ-பாஸ் கிடைக்காமல் அவள் அம்மா வரவில்லை. பால் கொடுக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பிள்ளை அழுதாலும் திரும்ப மாட்டாள். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்று என் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழெட்டு மாதத்தில் தேறிவிட்டாள். இப்போது பையனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசுவதில்லை. தாய் அப்படி இருந்ததுதான் காரணமென்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். அவளிடமே சொல்லிப் புரியவைப்பது நல்லதுதானே?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லாதீர்கள். வீட்டில் எல்லோரும் சொல்வதாக நீங்களே எழுதியிருப்பதால், அது முன்பே அவர் காதுக்கு எட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பிள்ளைபெற்ற சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. அது தானாக அடங்கிவிடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் சோர்வு நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். வளரும் நாடுகளில் பிரசவத்துக்குப் பின் ஏறத்தாழ 20 சதவீதப் பெண்கள் ஏதோ ஒரு மனநலக் கோளாறுக்கு உள்ளாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த ஏப்ரலிலோ, பச்சை உடம்புக்காரியைத் தாங்கிப்பிடிக்க வழக்கமாக இருக்கும் தாய்வீடு, பக்கத்து வீட்டுப் பெண்கள், அங்கன்வாடி, வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர் என எல்லாமே ஒரே நேரத்தில் அற்றோ குறைந்தோ போயின. மார்ச் கடைசியிலேயே கரையேறிய படகுகள், ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிட்டதால் கரையிலேயே கிடந்தன. கையில் காசில்லாத ஆண்களால் வீடு நிறைந்திருந்தது. (ஆட்கள் நிறைந்த வீட்டில் துணைக்கு ஆளில்லாமல் போவது நம் ஊர்களில் புதிதல்ல.)

தாயின் மனச்சோர்வுக்கும் பிள்ளையின் பேச்சுக்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. கைக்குழந்தை ஒலி எழுப்பும்போது அதன் முகம் பார்த்து யாரேனும் பதில் ஒலி கொடுப்பதில்தான் பேச்சு தொடங்குகிறது. சோர்ந்து கிடக்கும் தாயால் அதை முழுதாகச் செய்ய இயலாது. ஆனால் அந்தப் பதில் தாயிடமிருந்து மட்டுமே வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. தகப்பனோ, பாட்டியோ, அத்தையான நீங்களோ தொட்டிலுக்கு மேல் குனிந்து பேசியிருந்தாலும் பிள்ளை எடுத்துக்கொண்டிருக்கும். மேலும், பலநூறு குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்து ஆய்வாளர்கள் காணும் தொடர்பைக் கொண்டு, குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் தாமதத்துக்கு இதுதான் காரணமென்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

நீங்கள் காரணம் தேடிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் பையனின் செவித்திறன் சோதிக்கப்பட்டதா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பேச்சு தாமதமானால் முதலில் பார்க்க வேண்டியது காது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் குழந்தை மருத்துவரையும் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பாருங்கள். செவி நன்றாக இருந்தால் ஆட்டிசம் போன்ற வேறு வளர்ச்சிக் காரணங்களை ஆராய்வார்கள். எதுவானாலும் பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது. ஐந்து வயது தாமதம்தான், ஆனால் கைவிட வேண்டிய வயதல்ல.

தாயையும் விசாரியுங்கள். 'தேறிவிட்டாள்' என்பது எழுந்து சமைக்கிறார் என்ற பொருளில் என்றால் அது போதாது. பிள்ளைபெற்ற தாயின் மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் எடின்பரோ வினாப்பட்டியலில் உள்ள 10 கேள்விகளும், கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் தன்னையே குறை சொல்லிக்கொண்டாரா என்ற வகையிலானவை. பத்தாவது கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. இப்படிப்பட்ட கேள்விகளை அவரிடம் யாராவது இதுவரை கேட்டதுண்டா? 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணமோ, காதில் குரல் கேட்பதோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏர்வாடி பற்றி. தர்காவில் துஆ கேட்பதை நான் தடுக்கவில்லை. மருந்துக்குப் பதிலாக அங்கே கொண்டுபோய் விடுவதைத்தான் மறுக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டது உங்கள் அம்மாவுக்கும் நினைவிருக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

மருத்துவமனைக்குத் தாயையும் பிள்ளையையும் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து உங்கள் தம்பியும் உடன் போகட்டும். பையன் எப்போது தலை நிமிர்த்தினான், எப்போது பெயர் சொன்னால் திரும்பினான் என்று மருத்துவர் கேட்பார். அந்த மாதங்களில் வீட்டிலேயே இருந்தவர் என்ற முறையில் அவரும் பதில் சொல்ல வேண்டும்.