குஞ்சம் ஏன் சுருள்கிறது?

வணக்கம்.

டெக்சஸில் இருக்கிறேன். தோல் பை, பர்ஸ் தைப்பது பொழுதுபோக்கு. ஃபோர்ட் வொர்த்தில் ரோடியோ என்ற குதிரைச் சாகசப் போட்டியைப் பார்த்ததிலிருந்து, ஓட்டுபவர்கள் ஜீன்ஸ் மேல் கட்டும் தோல் காலுடுப்பான ஷாப்ஸ் மீது ஆசை. பக்கத்து வீட்டுப் பையன் சேணமில்லாக் குதிரை ஓட்டுகிறான், அதாவது பேர்பேக். அவனுக்காக ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் குஞ்சங்கள் சுருண்டுவிட்டன. ஒட்டித் தைத்த வெள்ளி நிற எழுத்துகள் ஓரம் தூக்குகின்றன. இடுப்பின் முன்கயிறு அறுந்துகொண்டே இருந்ததால் நைலான் கயிறு போட்டுவிட்டேன். எங்கே தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் சொன்னதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. அந்த நைலான் கயிற்றை இன்றே கழற்றுங்கள். காரணம் பிறகு.

‘ஷாப்ஸ்’ என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்பானிய மொழியின் ‘சாப்பரேராஸ்’ சுருங்கி வந்த சொல் அது. முள்புதரில் மாடு மேய்ப்பவனின் காலைக் காக்கப் பிறந்த உடுப்பு. ரோடியோ களத்தில் முள் கிடையாது, ஆனால் குஞ்சத்துக்கு வேலை உண்டு. பேர்பேக்கில் 8 விநாடி தாக்குப்பிடித்தால்தான் மதிப்பெண். 100 மதிப்பெண்ணில் பாதி குதிரைக்கு, பாதி ஓட்டுபவனுக்கு. ஒவ்வொரு துள்ளலுக்கும் அவன் முழங்காலை இழுத்து, பூட்ஸின் குதிகாலில் மாட்டிய குதிமுள்ளை மேலேற்றுவதை நடுவர்கள் பார்க்கிறார்கள். கால் அசைவைத் தூரத்திலிருந்தும் பெரிதாகக் காட்டுவது குஞ்சம். அலங்காரத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். காலோடு சேர்ந்து பறக்காத அலங்காரம் வெறும் சுமை.

குஞ்சம் சுருண்டதற்குப் பெரும்பாலும் தோலின் வயிற்றுப் பகுதியே காரணம். மிச்சம் விழுந்த துண்டுகளில் குஞ்சம் வெட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், எல்லோரும் செய்வதுதான். வயிற்றுத் தோலில் நார்கள் தளர்ந்திருக்கும். இழுத்தால் நீளும், நீண்டபின் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். குஞ்சத்துக்கு முதுகை ஒட்டிய பகுதியை ஒதுக்குங்கள். ஒவ்வொரு இழையின் நீளமும் முதுகெலும்பின் திசையில் ஓடட்டும். கனம் சுமார் 1 மி.மீ. போதும். ஷாப்ஸின் முக்கியப் பகுதி, குரோமிய உப்பால் பதனிட்ட மாட்டுத்தோலாக 1.2 முதல் 1.6 மி.மீ. வரை இருக்கலாம்.

20 செ.மீ. குஞ்சம் வேண்டுமென்றால் பட்டையை 22 செ.மீ. அகலத்தில் எடுத்து, மேலே 2 செ.மீ. வெட்டாமல் விடுங்கள். வெட்டு நிற்க வேண்டிய அந்த எல்லைக் கோட்டைத் தோலின் அடிப்புறத்தில் வரைந்துகொண்டு, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து உருளைக் கத்தியால் 6 மி.மீ. இடைவெளியில் வெட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். கத்தரிக்கும்போது இடது கை தன்னை அறியாமல் இழையை இழுக்கும், அந்த இழுப்பே பின்னால் சுருளாகும். 4 மி.மீ.க்குக் கீழே போனால் இழை அறும், 10 மி.மீ.க்கு மேல் போனால் விறைத்து நிற்கும்.

ஷாப்ஸின் கீழ் மூலை வளைவில் நேர்ப்பட்டையை அப்படியே தைத்தால் பல் விழுந்த சீப்பு மாதிரி இடைவெளி தெரியும். வெட்டாத அந்த 2 செ.மீ. பகுதியின் உள்விளிம்பில் சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சின்ன முக்கோண வெட்டுகள் கொடுத்து, பட்டையைச் சற்று நெருக்கிவிட்டுத் தையுங்கள்.

எழுத்துகளுக்கு வருவோம். வெள்ளி நிறம் என்பது தோல் மேல் ஒட்டிய மெல்லிய படலம். அடியில் இருக்கும் தோலின் பளபளப்பான மேற்பூச்சில் ஒட்டும் சொல்யூஷன் பிடிக்காது. எழுத்தை வைத்துக் கோடு வரைந்து, கோட்டுக்குச் சற்று உள்ளே மட்டும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை பொறுத்து, பிறகு ஒட்டுங்கள். தையல் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே ஓடட்டும், தையல் நீளம் 4 மி.மீ. நெருக்கித் தைத்தால் பலம் என்று தோன்றும். தபால்தலை ஓரம் மாதிரி துளை விழுந்து அந்தக் கோட்டிலேயே கிழியும். எழுத்தின் வெளிமூலைகளைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், கூர்முனைதான் முதலில் தூக்கும். உள்மூலைகளில் முதலில் சிறு துளை பஞ்ச் செய்து, அதுவரை வெட்டுங்கள். எழுத்தைப் பின்பக்கம் வரைந்தால் கண்ணாடி பிம்பமாக வரைய வேண்டும். இதை மறந்து வீணான தோல் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும்.

அடுக்கு வேலையெல்லாம் காலின் வெளிப்புறம் அகலமாக விரிந்து தொங்கும் பகுதியில் மட்டும். மூன்று அடுக்கு சேர்ந்தால் 3 மி.மீ. தாண்டும், அது முழங்காலில் மடங்காது. உள்தொடையை வெறுமையாக விடுங்கள். கட்டும் பட்டைகள் தொடையோடு நிற்கட்டும், முழங்காலுக்குக் கீழே எதுவும் கட்டக்கூடாது.

இனி அந்தக் கயிறு. இடுப்பின் முன்னால் இரு பாதிகளையும் இணைக்கும் மெல்லிய தோல் கயிறு அறுந்துபோவதற்காகவே வைக்கப்பட்டது. பண்ணைச் சேணத்தின் கொம்பில் இடுப்புப்பட்டை மாட்டிக்கொண்டால் கயிறு அறுந்து ஆளை விட்டுவிட வேண்டும். பேர்பேக்கில் சேணமே இல்லையே என்பீர்கள். குதிரை முதுகில் கட்டிய கைப்பிடி இருக்கிறது, களத்துக் கதவின் கம்பி இருக்கிறது. நைலான் அறாது, ஆள் தொங்குவான். 3 மி.மீ. அகலத் தோல் கயிறு போட்டு, இரு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். அறுந்தால் சரி.

சும்மா நடக்கும்போதே அறுகிறதென்றால் குற்றம் கயிற்றில் இல்லை, அளவில். ஜீன்ஸும் பூட்ஸும் போட்ட நிலையில், நின்றும் நாற்காலியில் உட்கார்ந்தும் இடுப்பையும் தொடையையும் அளந்து, இரண்டில் பெரியதை எடுங்கள். இறுக்கும் வேலை பின்னால் இருக்கும் பக்கிளுக்கு. மிச்சத் தோலில் நாலைந்து மாற்றுக் கயிறுகள் வெட்டிப் பையன் கையில் கொடுத்துவிடுங்கள்.