ஏழு வாரம் யாரும் தேடவில்லை

கேள்வி: நான் ஒரு கல்லூரியில் துறைப் பொறுப்பில் இருக்கிறேன். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகம். கட்டணச் சலுகை, நூலகம், ஆலோசனை மையம் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் முதல் ஆண்டிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். முதல் பருவத்தில் நன்றாகத் தேறிய ஒரு மாணவி இரண்டாம் பருவத்தில் நின்றுவிட்டாள். பரீட்சைக்கு முன்னால் வருகைப் பதிவேட்டைக் கூட்டியபோதுதான் அவள் ஏழு வாரமாக வரவில்லை என்று தெரிந்தது. பெற்றோர் படிக்காதவர்கள், அவர்களிடம் பேசிப் பயனில்லை. மாணவர்களுக்கு ஊக்கம் ஊட்ட ஒரு நல்ல பேச்சாளரை அழைக்கலாமா? வேறு என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத பேராசிரியர்

பதில்: இதே கேள்வி பல கல்லூரிகளிலிருந்து எனக்கு வந்திருக்கிறது. சலுகைகளின் பட்டியல் எல்லாக் கடிதங்களிலும் உண்டு. அதை விட்டுவிட்டு, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். அவள் ஏழு வாரமாக வரவில்லை என்பது பரீட்சைக்கு முன்னால் கூட்டிப் பார்த்தபோதுதான் உங்களுக்குத் தெரிந்தது.

அந்த ஏழு வாரமும் ஒவ்வொரு வகுப்பிலும் அவள் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் வராததும் ஒரு குறியைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருக்கிறார்கள். அவளுக்குப் பாடம் எடுத்த அத்தனை ஆசிரியர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே கல்லூரிக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். முதல் வாரமே தெரியும், உங்கள் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். யாரைப் பரீட்சை எழுத விடக்கூடாது என்று முடிவு செய்ய மட்டுமே அந்தப் பதிவேட்டைத் திறக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பிள்ளை இருட்டியும் வீடு திரும்பவில்லை என்றால் வீட்டில் இருப்பவர்கள் அன்றைக்கே தேடிப் போவார்கள், மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க மாட்டார்கள். ஒரு குடும்பம் தன் முதல் பட்டதாரியை உங்களிடம் அனுப்புகிறபோது அந்தப் பொறுப்பில் ஒரு பங்கை உங்கள் கையில் கொடுக்கிறது. பாடம் நடத்துவதோடு என் வேலை முடிந்தது என்று சொல்லும் ஆசிரியரோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

பேச்சாளர் வேண்டாம். அவர் பேச்சைக் கேட்க உட்காருகிறவர்கள் வகுப்புக்கு வருகிறவர்கள்தான். நின்றுபோனவள் அந்த அரங்கில் இருக்க மாட்டாள். அதுவும் போகட்டும், முதல் பருவத்தில் நன்றாகத் தேறியவளுக்கு ஊக்கக் குறைவு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போயிருக்கலாம். பகுதிநேர வேலையில் நேரம் மாறியிருக்கலாம். ஏதோ ஒரு பாக்கியைக் கட்ட முடியாமல் அலுவலகத்துக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆலோசனை மையம் இருக்கிறது என்கிறீர்கள். கேட்டால் உதவி கிடைக்கும் என்பது கல்லூரியைப் பார்த்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் தெரியும். முதன்முதலாக வருகிறவள், தனக்கு மட்டும்தான் முடியவில்லை, தான் இந்த இடத்துக்கு லாயக்கில்லை என்று நினைத்துக்கொள்வாள். இரண்டு வாரம் விட்டுப்போனால் மூன்றாவது வாரம் வகுப்புக்குள் நுழையவே கூசும். எல்லார் முன்னாலும் ‘இத்தனை நாள் எங்கே போனாய்?’ என்று ஒருவர் கேட்டால் போதும், அத்தோடு முடிந்தது. உதவி தேவைப்படுகிறவர் உங்கள் மையத்தைத் தேடி வரமாட்டார். மையம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும்.

இது நடக்கிற காரியம்தான். அமெரிக்காவில் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், சேர்ந்து ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் நூற்றுக்கு 32 பேர்தான் என்ற நிலை 2003-இல் இருந்தது. பத்தாண்டு சொச்சத்தில் அது 50-ஐத் தாண்டியது. 2012 முதல் ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண், பாடத்தேர்வு போன்ற விவரங்களைத் தினமும் கணினியில் பார்த்து, எங்கேயாவது சறுக்கினால் ஆலோசகரே மாணவரைக் கூப்பிட்டுப் பேசும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். சிறு பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படவிருந்த மாணவர்களின் கணக்கில், அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே, பல்கலைக்கழகமே சிறு மானியத்தைச் சேர்த்தது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் ஈராண்டுக் கல்லூரிகளில் தொடங்கிய திட்டத்தையும் பாருங்கள். அப்போது அங்கே சாதாரணமாக ஓர் ஆலோசகருக்கு 600 மாணவர்களுக்கு மேல் இருந்தார்கள். இந்தத் திட்டத்தில் அறுபதிலிருந்து எண்பது பேர்தான் இருந்தார்கள். பயணச் சீட்டையும் பாடப்புத்தகத்தையும் இலவசமாகக் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்று ஆண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 40 சதவீதம், சேராதவர்களில் 22 சதவீதம். இரண்டு குழுவிலும் ஒரே மாதிரியான பிள்ளைகள்தான். தங்கள் பெயரைத் தெரிந்துவைத்து அடிக்கடி கூப்பிட்டு விசாரிக்கும் ஓர் ஆள் ஒரு குழுவுக்கு இருந்தார், வழிச்செலவும் குறைந்தது.

உங்களிடம் அந்தக் கணினி இல்லாவிட்டால் பரவாயில்லை, பதிவேடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் துறை ஆசிரியர்கள் எல்லாரும் அதை ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து வராத மாணவரை அன்றைக்கே யாராவது ஒருவர் கூப்பிட வேண்டும். யார் கூப்பிடுவது என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள், ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். முதலாண்டு மாணவர்களை ஆசிரியர்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டணப் பிரிவில் பாக்கி வைத்தவர்களின் பட்டியல், அபராதம் போடுவதற்கு முன்னால் உங்கள் மேசைக்கு வரட்டும். இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். பேச்சாளர் நிகழ்ச்சிக்கு ஒதுக்க நினைத்த நேரத்தில் தொடங்குங்கள். துறைத் தலைமையில் இருக்கிற நீங்களே முதலில் பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பெற்றோரிடம் பேசிப் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. தாங்கள் பார்க்காத ஓர் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பத் துணிந்தவர்கள் அவர்கள். பாடத்திட்டம் தெரியாமல் இருக்கலாம், பிள்ளை ராத்திரி தூங்குகிறாளா என்று அவர்களுக்குத்தான் தெரியும். குறை சொல்வதற்கு மட்டும் வீட்டுக்குத் தொலைபேசி போனால் அவர்கள் பயந்து மகளை நிறுத்தத்தான் செய்வார்கள். முதல் பருவத்தில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாளே, அப்போது அவள் அப்பாவைக் கூப்பிட்டு யாராவது சொன்னீர்களா?

சரி, அந்தப் பெண்ணின் கதை இன்னும் முடியவில்லை. அவள் வீட்டு எண் சேர்க்கைப் படிவத்தில் இருக்கும். அலுவலக உதவியாளரை விட்டுக் கூப்பிடாமல் நீங்களே கூப்பிடுங்கள். யார் எடுத்தாலும், முதலில் அவள் நன்றாக இருக்கிறாளா என்று கேளுங்கள். அதற்கு முன்னால் முதல்வரிடம் போய், முதல் பருவத் தேர்ச்சி வீணாகாமல் அவள் அடுத்த ஆண்டு தொடர என்ன வழி என்று கேட்டுத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். வழி இல்லை என்றால் உண்டாக்கச் சொல்லிப் போராடுங்கள். அவள் திரும்பி வந்தால், வராத நாட்களுக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடு என்று மட்டும் கேட்காதீர்கள்.